கதையைத் தைத்து வைத்தவர்கள்

(வானொலியில் ஒலித்த சிந்தனையின் எழுத்து வடிவம்)



திண்டுக்கல், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று நம் பக்கத்து ஊர்களில், மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் குடியிருக்கும் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டின் பரணில், தகர டிரங்குப் பெட்டிக்குள், தடித்த புத்தகம் ஒன்று கிடைக்கக்கூடும். அதில் பதிப்பகத்தின் பெயர் இராது. விலை அச்சிட்டிருக்காது. முதுகில் துணி ஒட்டி, அட்டையின் மேல் மையால் ‘பொன்னியின் செல்வன்’ என்று யாரோ எழுதியிருப்பார்கள். உள்ளே பக்க எண்கள் வரிசையாக வராது. ஓர் அத்தியாயம் முடியும் தாளின் மறுபுறம் ஏதோ ஒரு விளம்பரம் இருக்கும். ஆனால் அத்தியாயந்தோறும் படங்கள் இருக்கும். குதிரைமேல் வரும் இளைஞன், கொண்டையிட்ட இளவரசி, ஓலைச்சுவடியோடு நிற்கும் ஒற்றன்.

இது கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. வார இதழின் தாள்களைச் சேர்த்து வீட்டார் உருவாக்கிய புத்தகம். அந்தப் புத்தகத்தின் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு பெரிய கதையைத் தாங்கிப் பிடிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் நாம் நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சொல்லும் வழக்கம் தமிழில் வேரூன்றியதில் வத்தலக்குண்டுக்கு ஒரு பங்கு உண்டு. அந்த ஊரில் 1872ஆம் ஆண்டு பிறந்தவர் பி. ஆர். ராஜமய்யர். அவர் எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ என்னும் மாத இதழில் தொடர்ந்து வந்தது. 1896இல் புத்தகமாயிற்று. தமிழில் முதன்முதலாகத் தொடர்கதையாக வந்த நாவல்களுள் அதுவும் ஒன்று. ராஜமய்யர் 1898இல், 26 வயதில் மறைந்தார். இருபதுகளைத் தாண்டாத ஓர் இளைஞர், இதழில் வந்ததைப் புத்தகமாக்கி விட்டுச் சென்றதால், இன்றும் நம் கையில் இருக்கிறார். இதழ் ஒரு மாதம் வாழும், புத்தகம் பல தலைமுறை வாழும் என்பதை நம் ஊர்க்காரர் ஒருவரே நமக்குக் காட்டியிருக்கிறார்.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1950 அக்டோபரில், ‘கல்கி’ வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது. எழுதியவர் அந்த இதழின் ஆசிரியர் ரா. கிருஷ்ணமூர்த்தி. கல்கி என்ற பெயரால் நாம் அறிந்தவர். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரை வழியே வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அங்கே தொடங்கிய கதை, ஐந்து பாகங்களாக, முந்நூறை நெருங்கும் அத்தியாயங்களாக வளர்ந்து, 1954 மே மாதம்தான் முடிந்தது. கணக்குப் பார்த்தால் 180 வாரங்களுக்கு மேல்! அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தார். கதையை முடித்த பின் அவருக்குக் கிடைத்தவை ஏழே மாதங்கள்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்ததுதான். இனி அவ்வளவாகப் பேசப்படாத இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தத் தொடருக்கு வாரந்தோறும் படம் வரைந்தவர் ஓவியர் மணியம். சோழ நாட்டு இளவரசி எப்படிக் கொண்டை போட்டிருப்பாள், பத்தாம் நூற்றாண்டு வீரன் இடையில் என்ன கட்டியிருப்பான் என்பதற்கெல்லாம் புகைப்படம் ஏது? கோயில் சிற்பங்களையும் பழைய சுவரோவியங்களையும் பார்த்துத்தான் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். கதைக்காகக் கல்கி இலங்கை வரைக்கும் பயணம் செய்தார். இத்தகைய பயணங்களில் மணியமும் அவரோடு சென்றவர். பார்த்ததை மனத்தில் ஏற்றி, வாரக் கெடுவுக்குள் வரைந்து கொடுத்தார். இன்றும் குந்தவை என்றால் பலர் மனத்தில் எழுவது மணியம் வரைந்த முகம். ஆழ்வார்க்கடியானின் முன்குடுமியும் நந்தினியின் சாய்ந்த கொண்டையும் நம் கண்ணுக்குள் பதிந்தது அவர் தூரிகையால்தான். அவர் 1968இல், 44 வயதில் மறைந்தார்.

படம் என்பது கதைக்கு வெறும் அலங்காரம் என்று நாம் எண்ணலாம். அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் எழுத்தறிந்தவர்கள் 100 பேருக்கு 18 பேர்தான். ஊருக்கு ஓர் இதழ் வந்தாலே பெரிது. திண்ணையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். கேட்டு முடித்ததும் இதழ் கைமாறும். எழுத்துத் தெரியாத பாட்டியும் படத்தைப் பார்ப்பார். “இவதான் குந்தவையா?” என்று கேட்பார். அந்த நொடியில் அவரும் வாசகராகிவிடுகிறார்.

திருச்சபைக்கு இது புதிய செய்தி அல்ல. கி.பி. 600ஆம் ஆண்டையொட்டி, மார்செய் நகர ஆயர் செரேனுஸ் தம் கோயிலில் இருந்த படங்களை உடைத்தெறிந்தார். மக்கள் அவற்றை வணங்கிவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு. திருத்தந்தை பெரிய கிரகோரி அவருக்குக் கடிதம் எழுதினார். வணங்குவது தவறு என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் படிக்கத் தெரியாதவர் சுவரைப் பார்த்தாவது படிக்கட்டும், படங்களை அழிக்க வேண்டாம் என்பது அவர் அறிவுரையின் சாரம். நம் பங்குக் கோயில்களில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் சுவரில் இருப்பதன் பொருளும் அதுதான். எழுத்து எட்டாத இடத்துக்கும் படம் எட்டும்.

சரி, வாரந்தோறும் வந்த அந்தக் கதையும் படமும் புத்தகமானது எப்படி?

இதழ் அச்சான தாள் நீண்ட காலம் உழைக்கும் தாள் அல்ல. மரக்கூழின் அமிலம் தங்கிய அந்தத் தாள், வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். பிறகு பழுப்பேறும். மடித்தால் ஒடியும். ஒரு வாரம் படித்துவிட்டுத் தூக்கிப் போடத்தான் அந்தத் தாள். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் தூக்கிப் போடவில்லை. இதழை எல்லாரும் படித்து முடித்த பின், தைக்கம்பியை நெம்பி எடுத்து, கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து அடுக்கினார்கள். ஒரு வாரத் தாள் தவறினாலும் பாகம் குறைப்பட்டுவிடும். இரவல் போன இதழ் திரும்பி வந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். மழையில் நனையாமல், குழந்தை கிழிக்காமல், அடுப்பு மூட்ட யாரும் எடுத்துவிடாமல் காக்க வேண்டும். மூன்றரை ஆண்டுகள் இந்தப் பொறுமை தேவைப்பட்டது.

ஒரு பாகம் சேர்ந்ததும் அது பைண்டரிடம் போகும். அவர் தாள்களைத் தட்டி நேராக்கி, ஓரத்தில் துளையிட்டு, கெட்டி நூலால் தைப்பார். மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார். இருபுறமும் அட்டை வைத்து, முதுகில் கேலிகோ துணி ஒட்டி, எடைக்குக் கீழே வைத்துக் காயவிடுவார். பிறகு ஓரத்தை வெட்டிச் சீராக்குவார். ஓரத்தையொட்டித் தைப்பதால் உட்புறத்து எழுத்துகள் சில மறைந்துபோகும். வெட்டும்போது ஒரு படத்தின் ஓரம் போய்விடுவதும் உண்டு. குறையுள்ள புத்தகம்தான். ஆனால் எழுதியவரின் சொல்லும் வரைந்தவரின் கோடும், முதலில் வெளிவந்தபோது இருந்த அதே இடத்தில், ஒரே அட்டைக்குள் இருந்தன. படங்களோடு கூடிய கெட்டி அட்டைப் ‘பொன்னியின் செல்வன்’ வெகுகாலம் இப்படித்தான் நம் வீடுகளில் வாழ்ந்தது. அதன் பதிப்பாளர்கள் பெயர் தெரியாத நம் தாய்மார்களும் பாட்டிமார்களும்தான்.

அன்பானவர்களே, இங்கே கொஞ்சம் கடல் கடந்து போய் வருவோம். கல்கியின் தொடர் 1954 மே மாதம் முடிந்தது என்று சொன்னேன். அடுத்த இரண்டே மாதத்தில், ஜூலை 29ஆம் நாள், இங்கிலாந்தில் ஒரு பெருங்கதையின் முதல் தொகுதி வெளிவந்தது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற கதை அது. எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், ஆழ்ந்த கத்தோலிக்கர். 12 வயதில் தாயையும் இழந்து நின்ற அவரை, பர்மிங்காமில் பிரான்சிஸ் மார்கன் என்ற அருள்தந்தை பொறுப்பேற்று வளர்த்தார். கல்கியின் கதைக்கு வரலாறு அடித்தளம். டோல்கீனின் கதையோ மலை, காடு, மொழி, மக்கள் எல்லாவற்றையும் கற்பனையிலேயே படைத்துக்கொண்ட கதை. அளவில் மட்டும் இரண்டும் காப்பியம் போன்றவை.

டோல்கீன் படம் வரையத் தெரிந்தவர். 1937இல் வந்த தம் ‘ஹாபிட்’ கதைக்குத் தாமே படம் வரைந்தார். பெருங்கதைக்காகவும் ஒன்று செய்தார். கதையில் குள்ளர்களின் பழைய ஏடு ஒன்று, தீயில் கருகி, கிழிந்து, கறை படிந்த நிலையில் கிடைக்கும். அந்த ஏட்டின் பக்கங்களை அவர் தம் கையாலேயே உருவாக்கினார். தாளைச் சுட்டுக் கருக்கி, தைத்த நூல் அறுந்தது போல ஓரத்தில் துளைகளிட்டு, உண்மையான பழைய ஏடு போலவே செய்தார். ஆனால் வண்ணத்தில் அச்சிடச் செலவு மிகும் என்று பதிப்பாளர் அவற்றைச் சேர்க்கவில்லை. போருக்குப் பிந்தைய காலம், தாள் விலை அதிகம், கதையையே மூன்றாகப் பிரித்துத்தான் வெளியிட முடிந்தது. டோல்கீன் 1973இல் மறைந்தார். 1991இல்தான் ஆலன் லீ என்ற ஓவியரின் 50 வண்ண ஓவியங்களோடு அந்தக் கதை கெட்டி அட்டையில் ஒரே தொகுதியாக வந்தது. டோல்கீன் கையால் செய்த அந்தக் கருகிய பக்கங்கள், கதை வெளிவந்து 50 ஆண்டுகளான பின், 2004இல் வந்த பதிப்பில் சேர்ந்தன. எழுதியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே முதலில் எழுத்து மட்டும் வந்தது. படம் பல ஆண்டு காத்திருந்து வந்து சேர்ந்தது. இங்கே படம் முதல் வாரத்திலேயே எழுத்தோடு வந்தது. பின்பு நாம்தான் அதைக் கைவிட்டோம்.

எப்படிக் கைவிட்டோம்? 1999ஆம் ஆண்டு, கல்கியின் நூற்றாண்டில், தமிழ்நாடு அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது. நல்ல காரியம். ஏழை மாணவனும் வாங்கும் விலைக்குப் புத்தகம் கிடைத்தது. ஆனால் நாட்டுடைமை ஆனது எழுத்து, ஓவியம் அல்ல. அதனால் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் மணியத்தின் படங்கள் இல்லை, அவர் பெயரும் இல்லை. ‘கல்கி’ இதழ் அந்தக் கதையை மறுபடியும் தொடராக வெளியிட்டது. வினு, பத்மவாசன் போன்ற ஓவியர்கள் தங்கள் பாணியில் வரைந்தார்கள். பிற்காலத்தில் மணியத்தின் படங்களோடு கெட்டி அட்டைப் பதிப்புகளும் வந்தன, மகிழ்ச்சி. 2022இலும் 2023இலும் திரைப்படம் வந்தபோது புத்தகக் கடைகளில் கூட்டம் மொய்த்தது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஓவியர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இதற்கிடையில், 2020இல் ‘கல்கி’ இதழே அச்சில் வருவது நின்றுவிட்டது. இனி அந்தப் பழைய வாரத் தாள்கள் புதிதாக வரப்போவதில்லை. இருப்பதுதான் இருப்பு. அதில் ஒரு பகுதி நூலகங்களில் இருக்கிறது. இன்னொரு பகுதி நம் வீட்டுப் பரண்களில் இருக்கிறது.

பரணில் இருப்பதற்கு என்ன நேர்கிறது? வீட்டை இடித்துக் கட்டும்போது, பாட்டி இறந்த பின் அறையை ஒழிக்கும்போது, பிள்ளைகள் சென்னைக்கோ கோவைக்கோ குடிபெயரும்போது, பழைய பேப்பர்க்காரர் வாசலில் வந்து நிற்கிறார். தராசில் ஏறுகிறது புத்தகம். மூன்றரை ஆண்டு பொறுமையாகச் சேர்த்ததற்கு, கிலோக் கணக்கில் சில ரூபாய் கிடைக்கிறது. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இன்ன பொருள் என்று தெரியாததால்தான் போடுகிறோம். தெரிந்தால் போட மாட்டோம்.

இது முடியாத காரியம் அல்ல என்பதற்கு நம் கிழக்கே, காரைக்குடி அருகிலுள்ள கோட்டையூரில் ஒரு சான்று உண்டு. ரோஜா முத்தையா என்பவர் பெயர்ப் பலகை எழுதும் கலைஞர். பெரிய செல்வர் அல்லர், பேராசிரியரும் அல்லர். ஆனால் பிறர் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய புத்தகங்கள், இதழ்கள், நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிக் காத்தது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் அங்கே போகிறார்கள். பலகை எழுதிய ஒருவர், தமிழ் உலகத்துக்கே பரணாக இருந்திருக்கிறார்!

டோல்கீன் எழுதிய ‘லீஃப் பை நிகில்’ என்ற சிறுகதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1945இல் ஒரு கத்தோலிக்க இதழில் வெளிவந்த கதை. நிகில் என்ற எளிய ஓவியன் ஒரு பெரிய மரத்தை வரையத் தொடங்குகிறான். அண்டை வீட்டாருக்கு உதவப் போவதிலேயே நேரம் கரைகிறது. படம் முடிவதற்குள், தவிர்க்க முடியாத பயணத்துக்கு அழைப்பு வந்துவிடுகிறது. சாவைத்தான் அப்படிச் சொல்கிறார். அவன் வரைந்த துணி, ஓட்டை விழுந்த வீட்டை அடைக்கப் பயன்படுகிறது. ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும் அதில் மிஞ்சிய ஒரு மூலையை, ஒரே ஓர் இலையை, எடுத்துச் சட்டமிட்டு வைக்கிறார். பின்னொரு நாள் அதுவும் எரிந்துபோகிறது. ஆனால் நிகில் போய்ச் சேர்ந்த நாட்டில், அவன் வரைய நினைத்த மரம் முழுமையாக, உயிரோடு நிற்கிறது. முடியாமல் போன உழைப்பை இறைவன் முடித்துவைக்கிறார் என்ற நம்பிக்கை கதையின் ஒரு பக்கம். அந்த ஓர் இலையை எடுத்து வைத்த ஆசிரியர் இன்னொரு பக்கம். முழுமையாக்குவது கடவுளின் வேலை. மிஞ்சியதைப் பொறுக்கி வைப்பது நம் வேலை.

ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்த பின் நம் ஆண்டவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் வயிறார உண்டாயிற்று, அற்புதமும் முடிந்தாயிற்று. அதன் பிறகும் அவர் சீடர்களைச் சும்மா விடவில்லை. மிஞ்சிய துண்டுகளை வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். 12 கூடைகள் நிறைந்தன. அப்பத்தைப் பெருக்கத் தெரிந்தவருக்கு மிச்சத் துண்டு எதற்கு? கொடுக்கப்பட்டதை மதிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்குத்தான்.

ஆகவே, அன்பர்களே, இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்வோம். வீட்டில் பழைய பைண்டு புத்தகம் இருந்தால் கீழே இறக்கிப் பாருங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், உலர்ந்த மெல்லிய துணி போதும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை தாளைக் கறையாக்கிவிடும். வெயிலில் காய வைக்க வேண்டாம், நிழலில் காற்றாட வையுங்கள். சுவடிகளுக்கு நம் முன்னோர் வைத்தது போல வசம்பை ஒரு துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். சேர்த்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். இனி வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், தராசில் ஏற்றுமுன் ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டும்போது, எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும், தைத்து வைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயர் தெரியாமல் உழைத்த கைகளை இறைவன் அறிவார். நாமும் அறிந்துகொள்ள அவர் நமக்கு மனம் தருவாராக.